ரோமாபுரியில் குடியாட்சியும் முடியாட்சியும்



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், பள்ளி முடிந்து நான் வீட்டிற்குப் புறப்படும் நேரத்தில், என் மாணவி ஒருத்தியின் தந்தை வாசலில் நின்றிருந்தார். காலையில் பால்மரம் வெட்டிவிட்டு, குளித்து, துணி மாற்றிக்கொண்டு வந்திருந்தார். கையில் ஒரு புத்தகம் இருந்தது. பள்ளி நூலகத்திலிருந்து அவருடைய மகள் எடுத்துப்போன உலக வரலாற்று நூல் அது. மகள் வாசிக்க, அவர் கேட்டிருக்கிறார். கேட்ட இடத்தில் அவருக்கு ஓர் ஐயம் எழுந்துவிட்டது.

"வாத்தியாரே, ரோமாபுரியில ஆதியில சனங்க ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு இதுல இருக்கு. பிறகு பேரரசர் வந்துட்டாருன்னு இருக்கு. ஓட்டு வச்சிருந்த சனங்க அதை எப்படி விட்டாங்க? யாராச்சும் அடிச்சுப் பிடுங்கினாங்களா, இல்லே இவங்களே வேண்டாமின்னு விட்டுட்டாங்களா?" என்று கேட்டார்.

எத்தனையோ ஆண்டுகளாக வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். இவ்வளவு நேராக இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "அண்ணே, இதற்கு நின்றுகொண்டே பதில் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன்" என்றேன். அன்று அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் சொன்னதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இத்தாலி நாட்டில், டைபர் என்னும் ஆற்றின் கரையில், ஏழு குன்றுகளைச் சுற்றி எழுந்த நகரம் ரோமாபுரி. கி.மு. 753-இல் அது தோன்றியதாக ரோமானியர் நம்பினர். தொடக்கத்தில் அதை அரசர்கள் ஆண்டனர். கடைசி அரசன் டார்க்குவின் என்பவன். செருக்குடையவன் என்று மக்கள் அவனுக்கு அடைமொழி கொடுத்தார்கள். அவனுடைய கொடுமை பொறுக்காமல், கி.மு. 509-இல் அவனை விரட்டிவிட்டு, இனி நமக்கு அரசனே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள் என்பது மரபு வழி வந்த வரலாறு. அன்று முதல் ஏறக்குறைய 500 ஆண்டுகள் ரோமாபுரியில் குடியரசு நடைபெற்றது.

குடியரசுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரெஸ் பூப்ளிக்கா' என்பது. பொதுக் காரியம் என்று அதற்குப் பொருள். ஆட்சி என்பது ஒரு குடும்பத்தின் சொத்து அன்று, ஊராருக்குப் பொதுவான காரியம் என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

ஒருவன் கையில் அதிகாரம் குவிந்தால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். ஆகவே அதிகாரத்திற்குப் பூட்டு மேல் பூட்டாகப் போட்டார்கள்.

முதல் பூட்டு, தலைமைப் பதவியில் ஒருவர் அல்லர், இருவர். அவர்களுக்குக் கான்சல் என்று பெயர். ஒருவர் இட்ட கட்டளையை மற்றவர் தடுத்து நிறுத்தலாம். இரண்டாவது பூட்டு, பதவிக்காலம் ஓராண்டுதான். ஆண்டு முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். இறங்கியபின், பதவியில் செய்த தவற்றுக்காக வழக்கு மன்றத்திலும் நிற்க நேரலாம். மூன்றாவது பூட்டு, செனட் என்னும் மூத்தோர் சபை. பதவி வகித்து அனுபவம் பெற்ற 300 பேர் அதில் ஆயுட்காலம் வரை இருந்தார்கள். கான்சல்கள் அவர்களைக் கலந்து கொண்டே காரியம் செய்தார்கள்.

நாட்டுக்குப் பெரும் ஆபத்து வந்தால் மட்டும் ஒருவரிடம் முழு அதிகாரத்தையும் கொடுப்பார்கள். அவருக்கு டிக்டேட்டர் என்று பெயர். அதற்கும் கெடு உண்டு, ஆறு மாதம். சின்சினாட்டஸ் என்பவரின் கதையை ரோமானியர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். கி.மு. 458-இல் பகைவர் படை ரோமானியச் சேனையை வளைத்துக்கொண்டபோது, தம் சிறு நிலத்தில் உழுதுகொண்டிருந்த அவரை அழைத்து முழு அதிகாரத்தையும் கொடுத்தார்கள். அவர் பகைவரை வென்றார். ஆறு மாதம் இருக்கலாம் என்ற போதிலும், பதினாறாம் நாளே பதவியைத் துறந்துவிட்டு ஏர் பிடிக்கத் திரும்பினார். கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அலங்காரம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். தலைவன் என்பவன் எப்படி இருக்க வேண்டும் என்று அந்த மக்கள் எண்ணினார்கள் என்பதை அது காட்டுகிறது.

நேயர்களே, இவ்வளவும் கேட்டால் ரோமாபுரியில் எல்லாரும் சமமாக வாழ்ந்தார்கள் என்று தோன்றும். அப்படி இல்லை. பெட்ரீசியர் என்ற பழங்குடிச் செல்வர்கள் ஒரு பக்கம், பிளீபியர் என்ற பொதுமக்கள் மறு பக்கம். பதவிகளெல்லாம் செல்வர்கள் கையில் இருந்தன. கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்க முடியாத ஏழை, கடன் கொடுத்தவனுக்கே அடிமைபோல் உழைக்க வேண்டியிருந்தது.

கி.மு. 494-இல் பொதுமக்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஆயுதம் எடுக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. நகரத்தை விட்டு வெளியேறி, சில கல் தொலைவில் இருந்த ஒரு குன்றின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார்கள். வயலில் உழ ஆள் இல்லை, படையில் நிற்க ஆள் இல்லை. நம் காலத்துச் சொல்லில் சொன்னால் அது ஒரு வேலை நிறுத்தம். செல்வர்கள் இறங்கி வந்தார்கள். பொதுமக்கள் தங்களுக்கென்று டிரிபியூன் என்ற காவலர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள்.

டிரிபியூன் பதவி மிகவும் அருமையான ஓர் ஏற்பாடு. பிற்காலத்தில் பத்துப் பேர் இப்பதவியில் இருந்தார்கள். எந்த அதிகாரி ஏழைக்கு அநீதி செய்தாலும், டிரிபியூன் நடுவில் வந்து 'நான் தடுக்கிறேன்' என்று சொன்னால் போதும், அந்தக் காரியம் அங்கேயே நின்றுவிடும். அவர் மேல் கை வைப்பது தெய்வக் குற்றம். முறையிட வருவோருக்காக அவருடைய வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்தே இருக்க வேண்டும் என்பது விதி.

அதன்பின் ஒவ்வொன்றாக உரிமைகள் வந்தன. கி.மு. 451, 450 ஆம் ஆண்டுகளில் சட்டங்களைப் பன்னிரண்டு பலகைகளில் எழுதிப் பொது இடத்தில் வைத்தார்கள். சட்டம் இன்னதென்று நீதிபதி மட்டும் அறிந்திருந்த நிலை மாறியது. கி.மு. 367-இல் கான்சல் பதவி பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. கி.மு. 287-இல் பொதுமக்கள் அவை இயற்றும் சட்டம் செல்வர்களையும் கட்டுப்படுத்தும் என்று ஆயிற்று. குன்றில் போய் உட்கார்ந்த நாளிலிருந்து கணக்கிட்டால் இதற்கு 200 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. ஒருவரும் இனாமாகக் கொடுக்கவில்லை.

ஆனாலும் வாக்கு முறையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கான்சல்களைத் தேர்ந்தெடுக்கும் அவையில் ஆள் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற கணக்கு இல்லை. சொத்தை வைத்து மக்களை 193 பிரிவுகளாகப் பிரித்திருந்தார்கள். பிரிவு ஒன்றுக்கு ஒரு வாக்கு. குதிரைப்படைக்குரிய செல்வர்களுக்கு 18 பிரிவுகள், முதல் வகுப்புச் சொத்துக்காரர்களுக்கு 80 பிரிவுகள். இரண்டையும் கூட்டினால் 98. பாதிக்கு மேல் ஆகிவிட்டது. அவர்கள் ஒரு முகமாக வாக்களித்தால் முடிவு தெரிந்துவிடும், மற்றவர்களைக் கூப்பிட வேண்டிய தேவையே இல்லை. சொத்தே இல்லாத ஏழைகள் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் அவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிரிவுதான். பிற்காலத்தில் இந்தக் கணக்கைச் சற்றுத் திருத்தினார்கள். டிரிபியூன்களைத் தேர்ந்தெடுத்த அவையும் இதைவிட நியாயமாக இருந்தது. ஆயினும் பணக்காரரின் குரல் உரக்கவே கேட்டது. பெண்களுக்கு வாக்கு இல்லை. அடிமைகளுக்கு எந்த உரிமையும் இல்லை. தூரத்து ஊரில் இருப்பவன் வாக்களிக்க விரும்பினால், தன் வேலையை விட்டுவிட்டு ரோமாபுரிக்கு நேரில் வந்தாக வேண்டும்.

இப்போது நம் நண்பர் கேட்ட கேள்விக்கு வருவோம். இத்தனை பூட்டுகள் போட்ட வீடு எப்படித் திறந்தது?

கி.மு. 264 முதல் 146 வரை கார்த்தேஜ் என்னும் நாட்டோடு ரோமானியர் மூன்று பெரும் போர்களை நடத்தினார்கள். கிரேக்க நாட்டிலும் கிழக்கிலும் போரிட்டார்கள். எல்லாவற்றிலும் வென்றார்கள். வென்றது யார்? சிறு நிலத்துக்காரன்தான், ஏரை விட்டுவிட்டு வாளைத் தூக்கியவன். ஆண்டுக்கணக்காக வெளிநாட்டில் போரிட்டுத் திரும்பி வந்தபோது அவன் நிலம் தரிசாகக் கிடந்தது, அல்லது கடனில் மூழ்கியிருந்தது. போரில் கிடைத்த செல்வமோ பெரியவர்களிடம் சேர்ந்தது. அவர்கள் சிறு நிலங்களை வாங்கினார்கள், அரசுக்குச் சொந்தமான பொது நிலத்தையும் வளைத்துப்போட்டார்கள். பெரும் பெரும் தோட்டங்களாக்கி, போரில் பிடிபட்ட அடிமைகளைக் கொண்டு வேலை வாங்கினார்கள். நிலம் இழந்தவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு நகரத்திற்கு வந்து, கூலிக்கு அலைந்தான்.

கி.மு. 133-இல் டைபீரியஸ் கிராக்கஸ் என்ற இளைஞர் டிரிபியூனாக வந்தார். உயர்ந்த குடும்பத்துப் பிள்ளை. நாட்டுக்காக உயிரைக் கொடுக்கும் வீரனுக்குத் தனதென்று சொல்ல ஒரு பிடி மண் இல்லையே என்பது அவருடைய வாதம். பொது நிலத்தில் ஒருவர் 500 யூகெரா, அதாவது நம் கணக்கில் சுமார் 310 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றும், மிச்சத்தை ஏழைகளுக்குப் பங்கிட வேண்டும் என்றும் சட்டம் கொண்டுவந்தார். உச்சவரம்பு ஒன்றும் புதிதல்ல. பழைய சட்டம்தான், யாரும் மதிக்காமல் கிடந்தது.

செல்வர்கள் இன்னொரு டிரிபியூனைக் கொண்டு அதைத் தடுத்தார்கள். டைபீரியஸ், தடுத்த அந்த டிரிபியூனைப் பதவியிலிருந்தே நீக்கச் செய்தார். மறு ஆண்டும் தாமே பதவிக்கு நிற்க முனைந்தார். இவை வழக்கத்திற்கு மாறானவை. நல்ல நோக்கத்திற்காகத்தான் என்றாலும், ஒரு பூட்டை அவரும் ஆட்டிவிட்டார் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் எதிர்த்தரப்பு செய்தது என்ன? செனட் உறுப்பினர்கள் தங்கள் ஆட்களோடு திரண்டு வந்து, தடிகளாலும் உடைந்த பெஞ்சுக் கால்களாலும் அவரை அடித்தே கொன்றார்கள். அவரோடு சுமார் 300 பேர் மாண்டனர். உடல்களை டைபர் ஆற்றில் எறிந்தார்கள். மேல் கை வைப்பதே தெய்வக் குற்றம் என்று விதித்திருந்த பதவி அது.

பத்து ஆண்டுகள் கழித்து அவருடைய தம்பி கையஸ் கிராக்கஸ் அதே பதவிக்கு வந்தார். ஏழைகளுக்குக் குறைந்த விலையில் தானியம் கொடுக்கச் சட்டம் செய்தார். கி.மு. 121-இல் அவருக்கும் அதே கதி. அவரைச் சார்ந்தவர்கள் சுமார் 3,000 பேர் கொல்லப்பட்டதாகப் பண்டைய வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார்.

இதிலிருந்து ஏழைகள் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள்: வாக்கினால் நிலம் கிடைக்காது. பிறகு யாரால் கிடைக்கும்? படைத் தலைவனால் கிடைக்கும். கி.மு. 107-இல் மேரியஸ் என்ற தளபதி நிலமில்லாத ஏழைகளையும் படையில் சேர்த்தார். போர் முடிந்தால் நிலம் வாங்கித் தருவது தளபதியின் பொறுப்பாயிற்று. ஆகவே சிப்பாய் குடியரசுக்கு விசுவாசமாக இருப்பதை விட்டு, சோறு போடும் தளபதிக்கு விசுவாசமானான். கி.மு. 88-இல் சுல்லா என்ற தளபதி தம் படையைச் சொந்த நகரமான ரோமாபுரியின் மீதே நடத்திக்கொண்டு வந்தார். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் நகரைப் பிடித்தபோது, தம் எதிரிகளின் பெயர்களைப் பட்டியல் எழுதிப் பொது இடத்தில் ஒட்டினார். பட்டியலில் இருப்பவனை யார் வேண்டுமானாலும் கொல்லலாம், கொன்றவனுக்குப் பரிசும் உண்டு.

அதற்கடுத்த தலைமுறையில் வந்தவர்தான் ஜூலியஸ் சீசர். கி.மு. 49-இல் ரூபிக்கன் என்ற சிற்றாற்றைப் படையோடு கடந்து உள்நாட்டுப் போரைத் தொடங்கினார், வென்றார். கி.மு. 44-இல் ஆயுள் முழுவதும் டிக்டேட்டர் என்று ஆனார். ஆறு மாதக் கெடு போய்விட்டது. அதே ஆண்டு ரோமாபுரியில் அடித்த நாணயங்களில் அவருடைய முகத்தைப் பொறித்தார்கள். அதுவரை அந்த நகரத்து நாணயங்களில் தெய்வங்களையும் மாண்டுபோன பெரியோரையும் பொறித்தார்களே தவிர, உயிரோடிருக்கும் மனிதரைப் பொறித்ததில்லை.

அந்த ஆண்டு மார்ச் 15-ஆம் நாள், புரூட்டஸ் முதலானோர் சீசரைச் செனட் கூட்டத்திலேயே குத்திக் கொன்றார்கள். ஆளைக் கொன்றால் குடியரசு தானாகத் திரும்பி வந்துவிடும் என்று எண்ணினார்கள். வரவில்லை. அந்தப் புரூட்டஸே பிறகு தம் படைகளுக்குச் சம்பளம் கொடுக்க நாணயம் அடித்தபோது, தம் முகத்தைத்தான் அதில் பொறித்தார். நோய் ஒரு மனிதரிடம் மட்டும் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மேலும் 13 ஆண்டுகள் இரத்தம் சிந்திய பின், கி.மு. 31-இல் ஆக்டியம் கடற்போரில் அந்தோணியையும் கிளியோபாட்ராவையும் வென்று, சீசரின் வளர்ப்பு மகன் ஆக்டேவியன் தனித் தலைவரானார். கி.மு. 27-இல் அவருக்கு அகஸ்டஸ் என்ற பட்டத்தைச் செனட் அளித்தது. பேரரசு அந்த ஆண்டில் தொடங்கியதாகக் கணக்கு வைக்கிறோம்.

அகஸ்டஸ் மிகவும் கெட்டிக்காரர். தம்மை அரசன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. குடியரசை மக்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று அறிவித்தார். தம்மை முதல் குடிமகன் என்று மட்டும் கூறிக்கொண்டார். செனட் கூடியது, கான்சல்கள் ஆண்டுதோறும் பதவி ஏற்றார்கள், டிரிபியூன்களும் இருந்தார்கள். பெயர்ப் பலகை ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் படைகள் இருந்த மாநிலங்களெல்லாம் பெரும்பாலும் அவர் கையில். கி.மு. 23 முதல், டிரிபியூனாக இல்லாமலே டிரிபியூனின் முழு அதிகாரமும் அவருக்கு, அதுவும் ஆயுள் முழுவதற்கும். ஏழையைக் காப்பதற்காகக் குன்றின் மேல் உட்கார்ந்து பெற்ற அந்தத் தடுப்பு உரிமை, இப்போது ஆள்பவரின் கைக்கருவி ஆகிவிட்டது.

பேரரசால் நன்மையே இல்லையா என்றால், உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நூறு ஆண்டு உள்நாட்டுக் கலகம் ஓய்ந்தது. ஏறக்குறைய 200 ஆண்டுகள் பேரரசின் பெரும்பகுதி அமைதியாக இருந்தது. குடியரசுக் காலத்தில் வெளி மாநிலங்களுக்குப் போன ஆளுநர்கள் ஓராண்டில் மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். வெர்ரஸ் என்பவன் சிசிலித் தீவை மூன்று ஆண்டுகள் கொள்ளையடித்ததை, கி.மு. 70-இல் சிசரோ வழக்கு மன்றத்தில் அம்பலப்படுத்தினார். பேரரசில் ஆளுநர்களுக்குச் சம்பளம் ஏற்பட்டது, மேலே கேட்பதற்கும் ஓர் ஆள் இருந்தார். ஆகவே வெளி மாநிலத்து ஏழைக்குக் குடியரசைவிடப் பேரரசே சற்று மேலாக இருந்திருக்கலாம். நோயுற்ற அடிமையைத் தெருவில் விட்டுவிட்டால் அவன் விடுதலை பெற்றவன் என்று கிளாடியஸ் பேரரசர் விதித்தார். கி.பி. 212-இல் காரக்கல்லா பேரரசர் அடிமைகள் அல்லாத குடிகள் ஏறக்குறைய எல்லாருக்கும் ரோமானியக் குடியுரிமை வழங்கினார்.

வாணிபமும் செழித்தது. எகிப்திலிருந்து பருவக்காற்றில் கப்பல்கள் நம் முன்னோரின் முசிறித் துறைமுகத்திற்கு வந்து மிளகு ஏற்றிச் சென்றன. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் போய்விடுகிறதே என்று பிளினி என்ற அறிஞர் குறைப்பட்டு எழுதினார். கோயம்புத்தூர் வட்டாரத்தில் மண்ணைத் தோண்டியபோது அகஸ்டஸ், அவருக்குப் பின் வந்த டைபீரியஸ் ஆகியோரின் முகம் பொறித்த நாணயங்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. சென்னை அருங்காட்சியகத்தில் ரோமானிய நாணயங்களைக் காணலாம். ஆள்பவரின் முகம் அவ்வளவு தூரம் போயிருக்கிறது!

ஆனால் நகரத்து மக்களின் வாக்கு என்ன ஆயிற்று? அகஸ்டஸ் கி.பி. 14-இல் காலமானார். அதே ஆண்டு, அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை மக்கள் அவையிலிருந்து செனட் சபைக்கு மாற்றப்பட்டது. கிளர்ச்சி எதுவும் எழவில்லை. மக்கள் வீணே முணுமுணுத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்று தாசிட்டஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். நகரில் சுமார் 2 இலட்சம் பேருக்கு இலவசத் தானியம் கிடைத்துக்கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்கப் பந்தயங்கள் இருந்தன. பழைய தேர்தல்களோ இலஞ்சத்திலும் தெருச் சண்டையிலும் நாறிப் போயிருந்தன. இழந்தது பெரிதாகத் தெரியவில்லை.

பிறகுதான் தெரிந்தது. நல்ல பேரரசர் வந்தால் நாடு வாழ்ந்தது. கெட்டவர் வந்தால்? ஓராண்டு பொறுத்திருந்தால் இறங்கிவிடுவார் என்ற ஆறுதல் இல்லை. கலிகுலாவை கி.பி. 41-இல் மெய்க்காவல் அதிகாரிகளே வெட்டிக் கொன்றார்கள். கி.பி. 68-இல் நீரோ தற்கொலை செய்துகொண்டார். மறு ஆண்டு, ஒரே ஆண்டில் நான்கு பேரரசர்கள். சேனைகள் மோதி முடிவு செய்தன. கி.பி. 96 முதல் 180 வரை நெர்வா, டிராஜன், ஹேட்ரியன், அந்தோனினஸ் பயஸ், மார்க்கஸ் ஆரேலியஸ் என்று ஐந்து நல்ல பேரரசர்கள் தொடர்ந்து ஆண்டனர். முதல் நால்வருக்கும் பட்டத்துக்கு வர மகன் இல்லை. தகுதி பார்த்து ஒருவரைத் தத்து எடுத்துக்கொண்டார்கள். மார்க்கஸ் ஆரேலியஸ் தத்துவ ஞானி. ஆனால் அவருக்கு ஒரு மகன் இருந்தான். கொம்மோடஸ் என்ற அந்த மகன் பட்டத்துக்கு வந்து, கத்திச் சண்டைக்காரர்களோடு களத்தில் இறங்கி வேடிக்கை காட்டினான். கி.பி. 192-இன் கடைசி நாளில் அவனைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அடுத்த ஆண்டில், மெய்க்காவல் படையினர் அரியணையையே ஏலம் போட்டார்கள். சிப்பாய் ஒருவனுக்கு 25,000 செஸ்டர்ஸ் என்று அதிக விலை கேட்ட டிடியஸ் ஜூலியானஸ் பேரரசரானார். 66 நாள் இருந்தார், அவரையும் கொன்றார்கள்.

இரண்டு ஆட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். ஆள்பவரைத் தேர்ந்தெடுப்பது யார்? குடியரசில், குறையுள்ள முறையில் என்றாலும், குடிமக்கள். பேரரசில், பிறப்பு, தத்து, அல்லது படையின் வாள். அவரைத் தடுப்பது யார்? குடியரசில் உடன் இருக்கும் கான்சல், டிரிபியூன், செனட். பேரரசில் அவர் மனசாட்சி ஒன்றுதான். அவர் எப்படி இறங்குவார்? குடியரசில் நாட்காட்டி இறக்கிவிடும். பேரரசில் மரணம் இறக்க வேண்டும், பல வேளைகளில் கொலை.

நேயர்களே, நண்பரின் கேள்விக்கு இதுதான் என் பதில். வாக்கை யாரும் ஒரே நாளில் அடித்துப் பிடுங்கவில்லை. மக்களும் மகிழ்ச்சியோடு தூக்கி எறியவில்லை. உழைத்தவனுக்குப் பங்கு கொடுக்க மறுத்தபோது வாக்கின் பயன் போயிற்று. பங்கு கேட்டவனைத் தடியால் அடித்தபோது சட்டத்தின் மீதிருந்த நம்பிக்கை போயிற்று. இவை இரண்டும் போனபின் மிஞ்சியது வெறும் வாக்கு. அது போனபோது யாருக்கும் வலிக்கவில்லை. வலி பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்தான் வந்தது.

திண்ணையில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த நண்பர் சற்று நேரம் பேசவில்லை. மகள் தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். பிறகு அவர், "அப்படின்னா அந்தக் கிராக்கஸ் பையனைக் கொன்ன அன்னிக்கே எல்லாம் முடிஞ்சுபோச்சு, இல்லையா வாத்தியாரே?" என்றார்.

"இல்லை, அண்ணே" என்றேன். "கி.மு. 133-இல் அவரைக் கொன்றார்கள். அகஸ்டஸ் வந்தது கி.மு. 27-இல். நடுவில் 106 ஆண்டுகள். சரிசெய்துகொள்ள அவ்வளவு நாள் கிடைத்தது."

மகள் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள். "ஆமாப்பா, நூத்தி ஆறுதான்" என்றாள்.